வெள்ளிக்கிழமைக் காசு

1909-ம் வருடம், ஜனவரி முதல் தேதி. வெள்ளிக்கிழமை. பிரிட்டன் முழுக்க எங்கெல்லாம் ஒரு போஸ்ட் ஆபீஸ் இருந்ததோ, அங்கெல்லாம் கிழவர்களும் கிழவிகளும் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் எழுபது தாண்டிய வயசு. கையில் ஒரு சின்ன புத்தகம். கவுன்ட்டரில் இருந்தவர் அதிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்துக்கொண்டு, கையெழுத்து தெரிந்தவர்களிடம் கையெழுத்தும் தெரியாதவர்களிடம் ஒரு கீறலும் வாங்கிக்கொண்டு, ஐந்து ஷில்லிங்கை எடுத்து வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வரலாம். அதற்கடுத்த வெள்ளியும். உயிரோடு இருக்கிறவரை.

சில பேர் அழுதுவிட்டார்கள். கிராமத்து போஸ்ட் ஆபீஸ்களில் வேலை பார்த்து, பிற்பாடு எழுத்தாளராகப் பேர் வாங்கிய ஃப்ளோரா தாம்சன் இதைப் பதிவு செய்திருக்கிறார். கவுன்ட்டரில் காசு எடுத்துக் கொடுத்த பெண்ணுக்கு, ஏதோ அவளே சொந்தப் பணத்தைக் கொடுத்த மாதிரி, தோட்டத்துப் பூவும் ஆப்பிளும் கொண்டுவந்து நீட்டினார்களாம். அப்போது நிதி மந்திரி லாயிட் ஜார்ஜ். செருப்பு தைக்கும் மாமாவிடம் வளர்ந்த மனுஷர். கிழவர்களோ அவரைப் 'பிரபு' ஆக்கிவிட்டார்கள். இவ்வளவு தாராளமாகக் கொடுக்கிற ஆள் பிரபுவாகத்தானே இருக்க முடியும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அது அப்படி ஒன்றும் தாராளமில்லை. ஐந்து ஷில்லிங் என்பது கால் பவுண்டு. அந்தக் காலத்தில் வயல் வேலை பார்க்கிற ஒரு கூலிக்காரருக்கு வாரத்துக்குக் கிட்டத்தட்ட பதினைந்து ஷில்லிங்காவது வரும். அதில் மூன்றில் ஒரு பங்குதான் இது. தனியாக ஒருத்தர் வாடகை கொடுத்து, அடுப்பெரித்து, சாப்பிட்டு வாழ இது போதாது. பிறகு எதற்கு அழுகை?

அதைப் புரிந்துகொள்ள ஒர்க் ஹவுஸ் பற்றித் தெரிய வேண்டும்.

பிரிட்டனில் 1834-ல் ஏழைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். வழியில்லாதவர்களுக்கு வீட்டுக்கே அனுப்புகிற உதவியைக் குறைக்க வேண்டும். உதவி வேண்டும் என்கிறவர் ஒர்க் ஹவுஸுக்குள் வரட்டும். அங்கே சோறு உண்டு, படுக்கை உண்டு. ஆனால், வெளியே இருக்கிற ஆகக் கடைசிக் கூலிக்காரரின் வாழ்க்கையைவிட உள்ளே இருக்கிறவரின் வாழ்க்கை ஒரு படி கீழேதான் இருக்க வேண்டும். இதை மறைமுகமாகச் செய்யவில்லை. கொள்கையாகவே வைத்திருந்தார்கள். வசதி செய்து கொடுத்தால் எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று பயம்.

உள்ளே போனால் சொந்தத் துணியைக் கழற்றி வாங்கிக்கொண்டு சீருடை கொடுப்பார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், குழந்தைகள் வேறொரு பக்கம். நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த கிழவனும் கிழவியும்கூடத் தனித்தனிதான். 1847-ல், அறுபது தாண்டிய தம்பதி கேட்டால் சேர்ந்திருக்க விடலாம் என்று சட்டம் இறங்கி வந்தது. நடைமுறையில் அதற்கென்று அறை கட்டி வைத்திருந்த இடங்கள் குறைவு. பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நார் நாராக எடுப்பது அங்கே வழக்கமான வேலை. நகக்கண்ணில் ரத்தம் வரும்.

உயிரோடு இருக்கும்போது இப்படி. செத்தால்? 1832-ல் வந்த ஒரு சட்டப்படி, ஒர்க் ஹவுஸில் இறந்தவரின் உடலுக்கு உரிமை கோரி யாரும் வராவிட்டால் அதை மருத்துவக் கல்லூரிக்கு அறுத்துப் படிக்கக் கொடுத்துவிடலாம். இந்தப் பயம் ஏழைகளின் எலும்பு வரை இறங்கியிருந்தது. அதனால்தான் வாராவாரம் ஒரு பென்னி, இரண்டு பென்னி என்று ஈமச்சடங்கு இன்ஷூரன்ஸுக்குக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். அரை வயிறு சாப்பிட்டாவது சவப்பெட்டிக்குச் சேர்த்தார்கள். நம் ஊர்ப் பாட்டிகள் சுருக்குப்பையின் அடியில் 'என் காரியத்துக்கு' என்று நாலு நோட்டை மடித்து வைத்திருப்பார்களே, அதேதான்.

'குடித்தே அழித்தான், சேர்த்து வைக்கவில்லை, வயசான காலத்தில் அனுபவிக்கிறான்' என்பதுதான் அன்றைக்கு மேல்தட்டு நியாயம். இதை உடைத்தவர் ஒரு கப்பல் கம்பெனி முதலாளி. பெயர் சார்லஸ் பூத். லண்டனில் தெருத்தெருவாக, வீடு வீடாக வறுமையைக் கணக்கெடுத்தவர். வியாபாரி அல்லவா, எண்ணைத்தான் நம்புவார். எண்கள் அவருக்குச் சொன்னது இது: மனிதர்களை வறுமையில் தள்ளுவதில் குடிக்கு இருக்கிற பங்கைவிட முதுமைக்கு இருக்கிற பங்கு பெரியது. ஆயுள் முழுக்க ஒழுங்காக உழைத்தவரும் கை தளர்ந்ததும் அங்கேதான் போய் விழுகிறார்.

1891-ல் பூத் ஒரு யோசனை சொன்னார். 65 வயசு ஆன எல்லோருக்கும் வாரம் ஐந்து ஷில்லிங் கொடுங்கள். ஏழை, பணக்காரர், நல்லவர், குடிகாரர் என்று பார்க்க வேண்டாம். ஏழைக்கு மட்டும் என்று வைத்தால் அது பிச்சை. எல்லோருக்கும் என்றால் உரிமை.

அடிக்க வந்தார்கள். ஏழைகளுக்கு உதவி செய்வதற்கென்றே லண்டனில் 1869-லிருந்து இயங்கிவந்த தர்ம ஸ்தாபனங்களின் சங்கமே இதைக் கடுமையாக எதிர்த்தது. 'சும்மா காசு கொடுத்தா எவன் சேமிப்பான்? பெத்தவங்களை எந்தப் பிள்ளை பார்த்துப்பான்?' என்பது அவர்கள் கேள்வி. நம் டீக்கடை பெஞ்சில் இன்றும் கேட்கிற அதே கேள்விதான்.

இதற்குள் மற்ற தேசங்கள் முந்திக்கொண்டன. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-லேயே முதியோர் இன்ஷூரன்ஸ் சட்டம் கொண்டுவந்திருந்தார். தொழிலாளியும் முதலாளியும் கட்ட வேண்டும், அரசாங்கமும் கொஞ்சம் போடும். சோஷலிஸ்ட்டுகள் பின்னால் தொழிலாளிகள் போய்விடக் கூடாது என்ற கணக்கும் அதில் உண்டு. (65 வயசில் ரிட்டையர்மென்ட் என்பதை பிஸ்மார்க்தான் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். தப்பு. அவர் வைத்தது 70. அது 65 ஆனது 1916-ல், அவர் இறந்து பதினெட்டு வருஷம் கழித்து.) 1891-ல் டென்மார்க், 1898-ல் நியூஸிலாந்து. இந்த இரண்டும் சந்தா எதுவும் கேட்கவில்லை. வரிப் பணத்திலிருந்தே கொடுத்தன. ஆனால், நியூஸிலாந்துச் சட்டம் சீனர்களையும் மற்ற ஆசியர்களையும் சேர்க்க மாட்டேன் என்றது. உரிமை என்று பேசினாலும் 'யாருக்கெல்லாம் கிடையாது' என்று ஒரு பட்டியல் கூடவே வந்துவிடுகிறது.

பிரிட்டனில் இழுத்துக்கொண்டே போனார்கள். 1899-ல் போயர் யுத்தம் தொடங்கியது. பீரங்கிக்குப் பணம் இருந்தது, கிழவர்களுக்கு இல்லை. அதே வருஷம் தொழிற்சங்கங்கள் பென்ஷனுக்காக ஒரு கமிட்டி போட்டன. புத்தக பைண்டிங் தொழிலாளியான ஃப்ரெடரிக் ராஜர்ஸ் அதன் செயலாளர். சாக்லேட் கம்பெனி ஜார்ஜ் காட்பரி பண உதவி செய்தார். ராஜர்ஸ் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசினார். 1907-ல் இரண்டு இடைத்தேர்தல்களில் ஆளும் லிபரல் கட்சி தோற்று, தொழிற்கட்சி ஆளும் சோஷலிஸ்ட் ஒருவரும் ஜெயித்த பிறகுதான் மேலிடத்துக்கு உறைத்தது. அடுத்த வருஷ பட்ஜெட்டில் பென்ஷன் வந்துவிட்டது. 1908 ஆகஸ்டில் சட்டமும் ஆனது. லார்ட் ரோஸ்பெரி என்கிற முன்னாள் பிரதமர், இந்தச் செலவு பேரரசுக்கே பெரிய அடி என்று பயந்தார்.

வந்தது பூத் கேட்டது இல்லை. வயசு 65 இல்லை, 70. அந்த ஐந்து வருஷத்தைத் தள்ளி வைத்ததில் கஜானாவுக்கு எத்தனை மிச்சம் என்பது எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். எல்லோருக்கும் இல்லை, வருஷ வருமானம் 21 பவுண்டுக்குள் இருக்கிறவருக்குத்தான் முழு ஐந்து ஷில்லிங். அதற்கு மேலே போகப் போகக் குறைந்து, 31 பவுண்டு 10 ஷில்லிங்கைத் தாண்டினால் ஒன்றுமில்லை. ஜெயிலுக்குப் போய் வந்தவருக்கு, வெளியே வந்து பத்து வருஷம் வரை கிடையாது. வேலை செய்யாமல் ஊர் சுற்றியவர் என்று பெயர் எடுத்தவருக்குக் கிடையாது. ஏழைகள் சட்ட உதவி வாங்குகிறவருக்கும் கிடையாது. அதாவது, ஆக ஏழைக்குக் கிடையாது! இந்த விசித்திர நிபந்தனை 1911 ஜனவரியில்தான் விலகியது.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தை மிகச் சரியாகச் செய்தார்கள். பணத்தை ஒர்க் ஹவுஸ் நடத்துகிறவர்கள் கையில் கொடுக்காமல் போஸ்ட் ஆபீஸில் கொடுத்தார்கள். ஸ்டாம்ப் வாங்குகிறவரும் தந்தி கொடுக்கிறவரும் நிற்கிற அதே கவுன்ட்டர். 'உனக்கு ஏன் மகன் சோறு போடலை?' என்று கேட்க அங்கே ஆள் கிடையாது. கிழவர்கள் அழுததற்கு ஐந்து ஷில்லிங் பாதிக் காரணம் என்றால், இது மீதிக் காரணம்.

நடுவில் ஒரு சிக்கல். எழுபது வயசு என்று எப்படி நிரூபிப்பது? அயர்லாந்தும் அப்போது பிரிட்டனின் கீழ்தான். அங்கே எல்லோருடைய பிறப்பையும் பதிவு செய்ய ஆரம்பித்ததே 1864-ல்தான். 1839-க்கு முன் பிறந்தவரிடம் சர்டிஃபிகேட் கேட்டால் எங்கே போவார்? கைகொடுத்தது ஒரு புயல். 1839, ஜனவரி 6 ராத்திரி அயர்லாந்தை ஒரு பேய்க்காற்று புரட்டிப் போட்டது. 'பெரிய காற்று ராத்திரி' என்றே அதற்குப் பெயர். அந்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் எழுபது ஆயிற்று என்று அர்த்தம். 'அன்னிக்கு ராத்திரி நானே என் கையால உருளைக்கிழங்கு எடுத்துத் தின்னேன்' என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தார்கள். அந்தக் காற்றை நிஜமாகவே பார்த்தவர் எத்தனை பேர், பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு வந்தவர் எத்தனை பேர் என்பது ஆண்டவருக்கு வெளிச்சம். இங்கேயும் தனுஷ்கோடிப் புயலை வைத்து வயசு சொன்ன பெரியவர்களைப் பார்த்திருக்கிறோமே.

மூன்றே மாதத்தில் பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆறு லட்சத்தைத் தாண்டினார்கள். பாதிக்கு மேல் பெண்கள். இப்போது பணம் வேண்டும். ஜெர்மனியோடு போட்டி போட்டுப் போர்க்கப்பல் கட்டவும் பணம் வேண்டும். லாயிட் ஜார்ஜ் 1909 பட்ஜெட்டில் நிலத்தின் மதிப்பு உயர்வுக்கு வரி போட்டார். பெரிய வருமானக்காரர்களுக்குக் கூடுதல் வரி போட்டார். நிலமெல்லாம் பிரபுக்கள் கையில். அவர்கள் உட்கார்ந்திருந்த மேல்சபை பட்ஜெட்டையே நிராகரித்தது. பண மசோதாவில் கைவைப்பதில்லை என்ற நெடுநாள் மரபை மீறிய காரியம் அது. 1910-ல் ஒரே வருஷத்தில் இரண்டு பொதுத்தேர்தல். கடைசியில் 1911-ல் வந்த பார்லிமென்ட் சட்டம், பண மசோதாவைத் தடுக்கிற அதிகாரத்தைப் பிரபுக்கள் சபையிடமிருந்து பறித்துவிட்டது. பென்ஷன் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், அந்த பட்ஜெட்டின் செலவுப் பக்கத்தில் ஐந்து ஷில்லிங் கிழவர்கள் பெரிதாக நின்றுகொண்டிருந்தார்கள்.

பென்ஷனால் வீடு மாறியது. கூட வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாமல் அம்மாவை ஒர்க் ஹவுஸுக்கு அனுப்பிய மகனுக்கு, ஐந்து ஷில்லிங் கொண்டுவருகிற அம்மா பாரமாகத் தெரியவில்லை. பெற்றவர்களைப் பிள்ளைகள் கைவிடுவார்கள் என்று பயந்தார்களே, நேர்மாறாக நடந்தது. வெளியே இருந்தபடி ஏழைகள் சட்ட உதவி வாங்கிய கிழவர்களின் எண்ணிக்கை சடசடவென்று சரிந்தது.

ஆனால் ஒர்க் ஹவுஸுக்குள் இருந்த கிழவர்களின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறையவில்லை. காரணம் எளிது. அவர்களில் பலர் படுத்த படுக்கை. மலம், மூத்திரம் எடுக்க ஆள் வேண்டும். ஐந்து ஷில்லிங் ரொட்டி வாங்கும், டீத்தூள் வாங்கும். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கி உட்கார வைக்காது. காசு கொடுக்கிற வேலை முடிந்தது. பார்த்துக்கொள்கிற வேலை அப்படியே நின்றது.

அது இன்னும் கால் நூற்றாண்டு நின்றது. ஒர்க் ஹவுஸ் என்ற பெயரை 1930-ல் எடுத்துவிட்டார்கள், கட்டடமும் கட்டிலும் அங்கேயேதான் இருந்தன. 1935-ல் லண்டனின் மேற்குப் பக்கம் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்தில் இருந்த பழைய ஒர்க் ஹவுஸ் ஆஸ்பத்திரியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அங்கே கிடந்த 714 பேரையும் மார்ஜரி வாரன் என்ற டாக்டரிடம் ஒப்படைத்தார்கள்.

டாக்டர் வாரன் செய்தது பெரிய விஞ்ஞான அதிசயம் இல்லை. ஒவ்வொருவரையும் முறையாகச் சோதித்துப் பார்த்தார். அதுவரை யாரும் செய்யாதது அது. 'வயசாயிடுச்சு' என்பதையே வியாதியின் பெயராக எழுதிப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கவாதத்தில் விழுந்தவரை எழுப்பி நடக்கப் பழக்கினார். சுவருக்கு வெளிச்சமான பெயின்ட் அடித்தார். பிடித்து நடக்கக் கைப்பிடி, சாய்ந்து உட்கார நல்ல நாற்காலி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். பல பேர் எழுந்து நடந்தார்கள். சிலர் வீட்டுக்கே போனார்கள். 714 படுக்கை தேவைப்பட்ட இடத்தில் 240 வாக்கில் போதும் என்றாயிற்று. முதியோர் மருத்துவம் என்ற துறைக்கு அவரைத் தாய் என்கிறார்கள். 1948-ல் பிரிட்டன் பழைய ஏழைகள் சட்டத்துக்கு முடிவு கட்டியது.

இனி நம்ம ஊர்க் கதை. சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு பென்ஷன் என்பது இங்கே வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே உண்டு. களை பறித்தவருக்கும் கல் உடைத்தவருக்கும்? 1962 ஏப்ரலில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, மெட்ராஸ் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை தொடங்கியது. மாதம் 20 ரூபாய். 1995 ஆகஸ்ட் 15-ல் மத்திய அரசும் சேர்ந்துகொண்டது, மாதம் 75 ரூபாயோடு. 2006-ல் அது 200 ஆனது. 2011-ல் வயசு வரம்பு 65-லிருந்து 60-க்கு இறங்கியது. எண்பது தாண்டியவர்களுக்கு 500. தமிழ்நாட்டில் 2011-ல் ஆயிரம் ரூபாய், 2023-ல் 1,200 ரூபாய்.

ரொம்ப காலம் அது மணியார்டராகத்தான் வந்தது. காக்கிச் சட்டை போஸ்ட்மேன் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுப்பார். பாட்டி அவருக்கு மோர் கொடுப்பாள். பிரிட்டனில் ஆப்பிள், இங்கே மோர். பிறகு பேங்க், விரல் ரேகை மெஷின் என்று வந்தது. அறுபது வருஷம் பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? மெஷின் 'இது நீ இல்லை' என்று சொல்லிவிடுகிறது.

மருத்துவத்திலும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. பிரிட்டனில் இந்தத் துறையைக் கற்றுவந்த டாக்டர் வி.எஸ். நடராஜன், 1978-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு வந்தது 1996-ல். டாக்டர் வாரன் வார்டுக்குள் நுழைந்து அறுபது வருஷம் கழித்து.

இங்கே விண்ணப்பிக்கப் போகிறவரை எதிர்கொள்கிற முதல் வார்த்தை 'ஆதரவற்றவர்' என்பது. மகன் இருக்கிறானா, வீடு இருக்கிறதா, நிலம் இருக்கிறதா என்று கேட்டு, எதுவும் இல்லை என்று ஒரு பெரிய மனுஷியின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டியிருக்கிறது. மகன் இருந்தும் இல்லாத வீடுகள் எத்தனை! அந்தத் தாய் தாலுகா ஆபீஸில் நின்று 'எனக்கு யாருமில்லே' என்று சொல்ல வேண்டும். மகனை விட்டுக்கொடுக்க மனசு வராமலே திரும்பிவிட்டவர்கள் இருப்பார்கள். எல்லோருக்கும் கொடுங்கள் என்று பூத் ஏன் அத்தனை பிடிவாதமாகச் சொன்னார் என்பது அந்த வரிசையில் நின்று பார்த்தால் புரியும்.

எல்லோருக்கும் கொடுக்கப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கும் முதலில் அதுதான் தோன்றுகிறது. ஆனால் கஜானா நிரம்பி வழிந்து 1908-ல் யாரும் கொடுக்கவில்லை. முதலில் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள், பிறகுதான் பணத்தைத் தேடினார்கள். தேடும்போது ஒரு சபையோடு சண்டையும் போட வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவுக்கு அறுபது ஆகிவிட்டதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஆகியிருந்தால், வர வேண்டிய பணம் வருகிறதா என்றும் கேளுங்கள். வரவில்லை என்றால் ஒருநாள் லீவு போட்டுவிட்டு அவரோடு தாலுகா ஆபீஸ் வரை போய் வாருங்கள். அந்தக் கேள்விகளுக்குத் தனியாக நின்று பதில் சொல்வது ரொம்பக் கஷ்டம்.